ஹீட் பம்பின் கம்ப்ரசருக்கு மோட்டாரும் கப்ளிங்கும்: பால் ஆலைக்கு 80 டிகிரி வெந்நீர்

பால்_பராமரிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பால் பதனிடும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் அம்மோனியாக் குளிர்பதன நிலையத்தின் கண்டென்சர் ஆண்டு முழுவதும் வெப்பத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதே வளாகத்தில், பாலை 72 டிகிரியில் 15 வினாடி வைத்துப் பாஸ்சரைஸ் செய்வதற்கும் குழாய்களைக் கழுவுவதற்கும் வேண்டிய வெந்நீருக்காகப் பாய்லரில் எரிபொருளை எரித்துக்கொண்டிருக்கிறோம். வீணாகும் அந்த வெப்பத்தை ஓர் அம்மோனியா ஹீட் பம்ப் வழியாக 80 டிகிரிக்கு உயர்த்தி ஏறக்குறைய 600 கிலோவாட் வெப்பம் பெறுவது எங்கள் திட்டம்.

வெப்பக் கணக்கு முடிந்துவிட்டது. ஐயமெல்லாம் இயந்திரப் பகுதியில்தான். எங்களிடம் உபரியாக ஒரு திறந்தவகை (மோட்டார் வெளியே இருக்கும்) ரெசிப்ரோகேட்டிங், அதாவது பிஸ்டன் கம்ப்ரசரும், அதற்கான 75 கிலோவாட் மோட்டாரும், பெல்ட் புல்லிகளும் உள்ளன. குளிர்பதனத்தில் இருபது ஆண்டுகளாகக் குறையின்றி ஓடியவை அவை. அவற்றையே பயன்படுத்தலாம் என்கிறது நிர்வாகம். புதிதாக வாங்குவதானால் மோட்டார், அதன் தண்டையும் கம்ப்ரசரின் தண்டையும் இணைக்கும் கப்ளிங், வேகக்கட்டுப்பாடு ஆகியவற்றை எந்த வரிசையில், எதை அடிப்படையாகக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுழல்தண்டு எழுதியது:

பழைய கம்ப்ரசரைப் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடுவோம், ஏனென்றால் இது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது. அம்மோனியா 80 டிகிரியில் திரவமாகும்போது அதன் அழுத்தம் ஏறக்குறைய 41 பார். நம் ஊர்க் குளிர்பதன நிலையங்களில் கண்டென்சர் 35 டிகிரியில் இருக்கும்போது அழுத்தம் 13.5 பார்தான், அந்த நிலைக்கென வார்க்கப்பட்ட கம்ப்ரசரின் உடலை 41 பாருக்கு உட்படுத்தவே கூடாது. உங்களுக்கு வேண்டியது 50 பாருக்கு மேற்பட்ட வடிவமைப்பு அழுத்தம் கொண்ட, ஹீட் பம்புக்கென்றே செய்யப்பட்ட கம்ப்ரசர்.

இனி மோட்டாருக்கு வருகிறேன். குளிர்பதனத்தில் பழகிய கை செய்யும் முதல் தவறு, "இந்த அளவு கம்ப்ரசருக்கு இத்தனை கிலோவாட்" என்ற பழைய நினைவைக் கொண்டு மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது. மைனஸ் 10 டிகிரியில் உறிஞ்சப்படும் அம்மோனியா ஆவியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2.4 கிலோ. உங்கள் ஹீட் பம்ப் உறிஞ்சும் 30 டிகிரியில் அது 9 கிலோவுக்குச் சற்று மேல். அதே சிலிண்டர் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவான எடையை விழுங்குகிறது என்று பொருள். ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் செய்ய வேண்டிய வேலையைச் சராசரி விளைவழுத்தமாக (அதே வேலையைத் தரும் ஒரே சீரான அழுத்தமாக) கணக்கிட்டுப் பார்த்தேன். இழப்பற்ற அமுக்கம் என்று கொண்டால், மைனஸ் 10 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு 5.4 பார் வருகிறது. 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு 17.2 பார். வேலை மூன்று மடங்குக்கும் மேல், ஆகவே அதே வேகத்தில் முறுக்குவிசையும் மூன்று மடங்குக்கும் மேல். கிராங்க் தண்டு, கனெக்டிங் ராடு, பேரிங், கப்ளிங், மோட்டார் ஆகிய அனைத்தும் இந்த முறுக்குவிசையைத் தாங்க வேண்டும்.

ஆகையால் கம்ப்ரசரின் முறுக்குவிசையிலிருந்து தொடங்குங்கள்; கிலோவாட் அதற்குப் பின்னால் தானே வரும். உங்கள் 600 கிலோவாட் வெப்பத்துக்குச் செயல்திறன் குணகம் (கிடைக்கும் வெப்பத்தைத் தண்டில் தரும் திறனால் வகுத்தது) 4 என்று வைத்துக்கொண்டால் தண்டில் 150 கிலோவாட் தேவை. கிலோவாட்டை 9550 ஆல் பெருக்கிச் சுழற்சி வேகத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு 1480 சுற்று என்ற வேகத்துக்கு 968 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. கம்ப்ரசர் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் தண்டின் திறனையே பாருங்கள். மோட்டார் உள்வாங்கும் மின்திறனையும் தண்டுக்கு வரும் திறனையும் குழப்பிக்கொண்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பால்_பராமரிப்பு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. 41 பார் என்ற ஒரு எண்ணே நிர்வாகத்துக்குப் போதுமானதாக இருந்தது. பழைய கம்ப்ரசரைப் பயன்படுத்தும் எண்ணம் கைவிடப்பட்டது. ஆறு சிலிண்டர் கொண்ட, உயரழுத்தத் திறந்தவகை கம்ப்ரசர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வேகத்தை 900 முதல் 1480 சுற்று வரை வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) கொண்டு மாற்ற விரும்புகிறோம்.

ஒரு கேள்வி. மே மாதப் பிற்பகலில் எங்கள் குளிர்பதனக் கண்டென்சர் 40 டிகிரியைத் தொடும். ஹீட் பம்புக்கு வரும் ஆவியின் அழுத்தமும் அப்போது உயரும். அந்த நேரத்தில் முறுக்குவிசை எவ்வளவு கூடும், மோட்டாரில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்?

சுழல்தண்டு எழுதியது:

நல்ல கேள்வி. விடை உங்களுக்கு வியப்பளிக்கலாம்: ஏறக்குறைய எதுவுமே கூடாது. வெளியேற்ற அழுத்தம் மாறாமல் உறிஞ்சும் அழுத்தம் மட்டும் உயரும்போது இரண்டு விளைவுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. ஆவியின் அடர்த்தி கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு கிலோவையும் அமுக்க வேண்டிய அழுத்த விகிதம் குறைகிறது. இவ்விரண்டின் பெருக்கம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்கும். அம்மோனியாவுக்கு அமுக்க அடுக்கெண் 1.3 என்று கொண்டால் அந்த உச்சம் விகிதம் 3.1 ஐ ஒட்டி வருகிறது. நீங்கள் 30 டிகிரியில் உறிஞ்சும்போது விகிதம் 3.55, 40 டிகிரியில் 2.66. உச்சத்தின் இரு பக்கமும் நிற்கிறீர்கள். கணக்கிட்டால் 30 டிகிரியில் 17.2 பார், இடையில் உச்சத்தில் 17.3 பார், 40 டிகிரியில் 17.1 பார். வெப்பம் அதிகம் கிடைக்கும், முறுக்குவிசை அப்படியே இருக்கும்.

முறுக்குவிசையை உண்மையில் கூட்டுவது வெளியேற்ற அழுத்தம். "80 டிகிரி போதாது, 90 டிகிரி வேண்டும்" என்று நாளை உற்பத்திப் பிரிவு கேட்டால் அம்மோனியாவின் அழுத்தம் 51 பாராகும், முறுக்குவிசை ஏறக்குறைய 20 விழுக்காடு உயரும். கேட்கமாட்டார்கள் என்று நம்பாதீர்கள், கேட்பார்கள். ஒன்று, அதற்கான மிச்சத்தை மோட்டாரிலும் கப்ளிங்கிலும் இப்போதே வையுங்கள். அல்லது வெந்நீர் வெப்பநிலையின் உச்ச வரம்பைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பூட்டிவிட்டு அதை எழுத்தில் கொடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 200 கிலோவாட் மோட்டார் எடுப்பேன். அடுத்த அளவு மோட்டாரின் விலை வேறுபாடு, பின்னாளில் மாற்றுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கோவை_மோட்டார் எழுதியது:

மேலே சொன்னதோடு மோட்டார் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பிஸ்டன் கம்ப்ரசரின் முறுக்குவிசை வேகம் குறைந்தாலும் குறையாது. விசிறியும் மையவிலக்குப் பம்பும் வேகத்தின் இருமடியில் சுமை குறைபவை. அவற்றுக்குப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 900 சுற்றில் உங்கள் மோட்டார் ஏறக்குறைய அதே 968 நியூட்டன் மீட்டரைத் தர வேண்டும், அதாவது அதே மின்னோட்டம், அதே செம்பு வெப்பம். ஆனால் மோட்டாரின் பின்புற விசிறி அதே தண்டில் சுற்றுவதால் குளிர்காற்று குறைந்துவிடும். தனி மோட்டார் கொண்ட குளிர்விசிறியையோ, கணக்குப் பார்த்து வாங்கிய பெரிய மோட்டாரையோ வைக்க வேண்டும். இயந்திர அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்றால் அதையும் மோட்டார் விற்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

மறுபக்கம், 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டி வெப்பத்தைக் கூட்டலாம் என்ற ஆசை வரும். 50 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மின்னழுத்தம் உயராது, காந்தப்புலம் மெலியும். 60 ஹெர்ட்ஸில் மோட்டாருக்குத் தன் முறுக்குவிசையில் ஆறில் ஐந்து பங்குதான் மிஞ்சும். கம்ப்ரசரோ முழுப் பங்கையும் கேட்கும்.

வி.எஃப்.டி. வைத்தால் தண்டில் தூண்டப்படும் மின்னழுத்தம் பேரிங் வழியாகத் தரைக்குப் பாய்ந்து ஓடுபாதையில் நுண்குழிகளை உண்டாக்கும். 150 கிலோவாட் அளவில் இது உறுதியாக வரும் சிக்கல். மோட்டாரின் பின்பக்கத்தில் மின்காப்பு பேரிங், முன்பக்கத்தில் தண்டுக்குத் தரையிணைப்பு வளையம், மோட்டாருக்கும் டிரைவுக்கும் இடையே சமச்சீரான கவசக் கேபிள் ஆகிய மூன்றையும் விலைக்கேட்பில் எழுதிவிடுங்கள். கப்ளிங்கில் மின்காப்பு இல்லையென்றால் அதே மின்னோட்டம் கம்ப்ரசரின் பேரிங்கையும் தேடிப் போகும். ரப்பர் கப்ளிங் வைத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐஸ்_பிளான்ட் எழுதியது:

இரண்டு தலைமுறையாக ஐஸ் தொழிற்சாலை நடத்துபவன் என்ற முறையில் பெல்ட்டுக்காகப் பேச விரும்புகிறேன். எங்கள் கம்ப்ரசர்கள் அனைத்தும் வி-பெல்ட்டில்தான் ஓடுகின்றன. திரவம் தவறிச் சிலிண்டருக்குள் வந்தால் பெல்ட் வழுக்கி அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். புல்லியை மாற்றினால் வேகம் மாறும், வி.எஃப்.டி. செலவே இல்லை. அலைன்மென்ட்டுக்கு, அதாவது இரண்டையும் நேர்ப்படுத்த, லேசர் கருவி வேண்டாம், ஒரு நூலும் நல்ல கண்ணும் போதும். இவ்வளவு வசதிகளை விட்டுவிட்டு நேரடி இணைப்புக்குப் போக வேண்டுமா?

சுழல்தண்டு எழுதியது:

உங்கள் ஆலையில் பெல்ட் சரியான தேர்வு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அழுத்தம் குறைவு, வேகம் குறைவு, பழுது பார்க்கும் கை எப்போதும் அருகில் இருக்கிறது. ஆனால் இங்கே கணக்கு மாறுகிறது.

968 நியூட்டன் மீட்டரை 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் கடத்த வேண்டுமென்றால் பெல்ட்டின் பயனுறு இழுவை 4,840 நியூட்டன். முன்னிழுவையும் சேர்ந்து தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஏறக்குறைய ஒரு டன் எடையைக் கிராங்க் தண்டின் நுனியில் பகலும் இரவும் தொங்கவிடுவதற்குச் சமம். ஏற்கெனவே மூன்று மடங்கு சுமை தாங்கும் முன்பேரிங்கின் மேலும், அதை அடுத்து, தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ஷாஃப்ட் சீலின் மேலும் இந்த விசை ஏறுகிறது. தண்டு சிறிது வளைந்தாலும் சீலின் முகங்கள் இணையாக நிற்காது, அம்மோனியா கசியும். அடுத்து மின்செலவு. பெல்ட்டில் இழப்பு 3 விழுக்காடு மட்டும் என்று கொண்டாலும் 4.5 கிலோவாட், ஆண்டுக்கு 7,000 மணி நேரம் ஓடினால் 31,500 யூனிட், ஒரு யூனிட் 8 ரூபாய் என்றால் இரண்டரை லட்சம் ரூபாய். கடைசியாக, ஹீட் பம்பில் திரவம் சிலிண்டருக்குள் வருவதைப் பெல்ட் வழுக்கிச் சமாளிக்கும்படி விடக்கூடாது. அதைத் திரவத்தை ஆவியிலிருந்து பிரிக்கும் பிரிகலமும் அதன் மட்டக் கட்டுப்பாடும் தடுக்க வேண்டும்.

அம்மோனியா_சீல் எழுதியது:

ஷாஃப்ட் சீல் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இதே போன்ற ஒரு நிலையத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில், ஏன் திறந்தவகை என்று கேட்பவர்களுக்கு: அம்மோனியாவில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் அது செம்பை அரிக்கும். சாதாரணச் செம்புச் சுற்று மோட்டாரை அந்த ஆவிக்குள் வைக்க முடியாது. ஆகவே மோட்டார் வெளியே, தண்டு உடலைத் துளைத்து வெளியே வருகிறது, அந்த இடத்தை ஒரு சீல் காக்கிறது. குளிர்பதனத்தில் கிராங்க் அறையின் அழுத்தம் 3 பாரை ஒட்டியிருக்கும். ஹீட் பம்பிலோ உறிஞ்சும் பக்கமே 11 அல்லது 12 பார்; இயந்திரம் நிற்கும்போதும் அந்த அழுத்தம் சீலின் மேல் இருந்துகொண்டே இருக்கும்.

பலர் கவனிக்காத ஒரு விளைவு இதில் உண்டு. 70 மில்லிமீட்டர் தண்டை உள்ளிருந்து 11.7 பார் தள்ளுகிறது, வெளியே 1 பார் மட்டுமே எதிர்க்கிறது. தண்டின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் 4,100 நியூட்டன், ஏறத்தாழ 420 கிலோ விசை, தண்டை மோட்டாரை நோக்கி எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். குளிர்பதனத்தில் இதே விசை 75 கிலோதான். கம்ப்ரசரின் உந்து பேரிங் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும். ஆனால் கப்ளிங் பொருத்துபவர் இதை அறிந்திருக்க வேண்டும். நான் பணிபுரிந்த இடத்தில், அழுத்தம் ஏற்றுவதற்கு முன் கப்ளிங்கின் இரு பாதிகளுக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பூட்டிவிட்டோம். அம்மோனியா ஏற்றியபின் தண்டு தன் உந்து விளிம்பு வரை நகர்ந்தது. தகட்டுக் கப்ளிங்கின் மெல்லிய எஃகுத் தகடுகள் எப்போதும் ஒரு பக்கம் வளைந்த நிலையிலேயே சுற்றின. மூன்றாம் மாதத்தில் தகடுகள் ஒவ்வொன்றாக முறிந்தன. நல்லவேளையாகக் காப்புக்கூடு அவற்றைப் பிடித்துக்கொண்டது, யாருக்கும் காயமில்லை. தவறு எங்களுடையதுதான், தயாரிப்பாளரின் கையேட்டில் இது இருந்தது. தண்டை அழுத்தம் தள்ளி நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில்தான் இடைவெளியை அளக்க வேண்டும்.

இன்னொன்று: மோட்டாரை அசைக்காமலே சீல் வெளியே வரும் அளவுக்கு நடுவே ஸ்பேசர் (கழற்றக்கூடிய இடைத்துண்டு) உள்ள கப்ளிங்கையே வாங்குங்கள். சீல் மாற்றுவது இரண்டு மணி நேர வேலையாக இருக்க வேண்டும். மோட்டாரைத் தூக்கி மறுபடி அலைன்மென்ட் செய்யும் இரண்டு நாள் வேலையாக ஆகிவிடக் கூடாது.

பால்_பராமரிப்பு எழுதியது:

இந்த ஒரு பதிவுக்காகவே கேள்வி கேட்டதற்கு மகிழ்கிறேன். தயாரிப்பாளரிடம் கேட்டு எண்கள் வாங்கியிருக்கிறேன். 200 கிலோவாட் மோட்டாரின் சுழலியின் நிலைமத் திருப்புத்திறன் 2.9 கிலோகிராம் சதுர மீட்டர். கம்ப்ரசர், கப்ளிங் பாதியையும் சேர்த்து 1.5. ஒரு விற்பனையாளர் தகட்டுக் கப்ளிங்கைப் பரிந்துரைக்கிறார். மற்றொருவர் நடுத்தர விறைப்புள்ள ரப்பர் கப்ளிங்கைச் சொல்கிறார், அதன் முறுக்கு விறைப்பு ஒரு ரேடியனுக்கு 50,000 நியூட்டன் மீட்டர். இருவருமே தங்களுடையதில் சிக்கல் வராது என்கிறார்கள். எதை நம்புவது?

சுழல்தண்டு எழுதியது:

எதையும் நம்ப வேண்டாம், கணக்கிடுவோம். என் பார்வையில், வேகம் மாறும் பிஸ்டன் கம்ப்ரசரின் இயக்க அமைப்பில் மிகவும் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

மோட்டாரின் சுழலி ஒரு கனமான தட்டு, கம்ப்ரசர் மற்றொரு தட்டு, இடையில் கப்ளிங் ஒரு முறுக்குச் சுருள்வில். ஒரு தட்டை முறுக்கி விட்டால் இரண்டும் எதிரெதிராக அதிரும். அந்த இயல் அதிர்வெண், விறைப்பைக் கூட்டு நிலைமத்தால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தை 6.28 ஆல் வகுத்தால் கிடைக்கும். உங்கள் எண்களில் கூட்டு நிலைமம் 2.9 ஐயும் 1.5 ஐயும் பெருக்கி அவற்றின் கூட்டலால் வகுத்தால் 0.99. ரப்பர் கப்ளிங்குக்கு 50,000 ஐ வைத்தால் 35.8 ஹெர்ட்ஸ்.

பிஸ்டன் கம்ப்ரசரின் முறுக்குவிசை ஒரே சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை எனப் பல வரிசைகளில் துடிக்கிறது. எல்லாச் சிலிண்டர்களும் உழைக்கும்போது கீழ்வரிசைத் துடிப்புகள் பெரும்பாலும் தமக்குள் ஈடாகிவிடும். ஆனால் கொள்ளளவைக் குறைக்க இரண்டு சிலிண்டர்களை இறக்கிவிட்ட (அமுக்காமல் வெறுமனே ஓடவிட்ட) கணத்தில் அந்தச் சமநிலை குலைந்து முதல், இரண்டாம் வரிசைகள் தலைதூக்கும். உங்கள் வேக எல்லை 900 முதல் 1480 சுற்று, அதாவது 15 முதல் 24.7 ஹெர்ட்ஸ். இரண்டாம் வரிசை 30 முதல் 49 ஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. 35.8 ஹெர்ட்ஸ் நேராக அதன் நடுவில் விழுகிறது: 1,074 சுற்றில் ஒத்ததிர்வு. வேகக்கட்டுப்பாடு பாதிச் சுமையில் மணிக்கணக்காக நிற்க விரும்பும் வேகமே அதுதான். ரப்பர் உள்ளிருந்து சூடேறிச் சில வாரங்களில் கிழியும்.

தகட்டுக் கப்ளிங்குக்குத் தண்டுகளின் நெகிழ்வையும் சேர்த்து 2,50,000 என்று கொண்டால் 80 ஹெர்ட்ஸ். நான்காம் வரிசை 1,200 சுற்றிலும், ஐந்தாம் வரிசை 960 சுற்றிலும் அதைத் தொடும். உயர்வரிசைகளின் வலிமை குறைவுதான் என்றாலும், எஃகில் தணிப்பு மிகக் குறைவு என்பதால் அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். ஸ்க்ரூ கம்ப்ரசருக்குத் தகட்டுக் கப்ளிங்கை நான் மனமார ஏற்பேன். நான்கு மடல் கொண்ட ரோட்டர் 2,950 சுற்றில் 197 ஹெர்ட்ஸில் துடிக்கும், அதன் முறுக்குத் துடிப்பும் மிதமானது. பிஸ்டனுக்கு, அதுவும் வேகம் மாறும் பிஸ்டனுக்கு, தயங்குகிறேன்.

நல்ல வழி, இயல் அதிர்வெண்ணை இயங்கு வேகத்தின் முதல் வரிசைக்கும் கீழே இறக்குவது. அப்போது எல்லா வரிசைகளும் தொடங்கும்போது மட்டும் ஒருமுறை கடந்துபோகும். விறைப்பு 6,000 உள்ள மிக நெகிழ்வான ரப்பர் கப்ளிங் எடுத்தால் 12.4 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் 968 நியூட்டன் மீட்டரில் அது 9 டிகிரிக்கு மேல் முறுகி நிற்கும். அவ்வளவு முறுக்கம் ரப்பரின் ஆயுளுக்கு நல்லதன்று. ஆகவே கம்ப்ரசர் பக்கம் ஒரு ஃப்ளைவீல் (கனமான சுழல்சக்கரம்) சேர்த்து அதன் நிலைமத்தை 3.0 ஆக்குங்கள். கூட்டு நிலைமம் 1.47 ஆகும், 10,000 விறைப்புள்ள கப்ளிங்கே போதும், இயல் அதிர்வெண் 13.1 ஹெர்ட்ஸ், முறுக்கம் ஐந்தரை டிகிரி. ஃப்ளைவீல் துடிப்பையும் விழுங்கும், மோட்டாரின் மின்னோட்டமும் அமைதியாகும். அதன் எடையைக் கிராங்க் தண்டின் நுனி தாங்குமா என்பதை மட்டும் கம்ப்ரசர் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோவை_மோட்டார் எழுதியது:

கணக்கு சரி. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். அட்டவணையில் இருக்கும் விறைப்பு புதிய ரப்பருக்குரியது. ஆண்டுகள் ஆக ஆக ரப்பர் இறுகும். 15 விழுக்காடு இறுகினால் 13.1 ஹெர்ட்ஸ் 14 ஹெர்ட்ஸாகிவிடும். 15 ஹெர்ட்ஸிலிருந்து 6 விழுக்காடுதான் விலகி நிற்கும். இத்தகைய அமைப்புகளில் குறைந்தது 10 விழுக்காடு விலகலையாவது எதிர்பார்ப்பது வழக்கம். எனவே குறைந்தபட்ச வேகத்தை 900 இலிருந்து 1,000 சுற்றுக்கு உயர்த்திவிடுங்கள். 16.7 ஹெர்ட்ஸிலிருந்து பார்த்தால் முதிர்ந்த ரப்பரிலும் 15 விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி இருக்கும். கிராங்க் தண்டிலேயே ஓடும் எண்ணெய்ப் பம்புக்கும் அது நல்லது. வேகம் குறைந்தால் எண்ணெயின் அழுத்தமும் குறையும், சூடான எண்ணெயில் அம்மோனியா ஹீட் பம்பின் பேரிங்குகளுக்கு அந்த அழுத்தம் மிகவும் தேவை. வி.எஃப்.டி.யின் தொடக்க ஏற்றத்தைத் தண்டின் சுழற்சியில் 14 ஹெர்ட்ஸ் (நிமிடத்துக்கு 840 சுற்று) பகுதியைத் தயங்காமல் கடக்கும்படி அமையுங்கள், அங்கே நின்று ஓடும் வேகம் எதையும் நிரலில் விட்டுவைக்காதீர்கள். அதுவரை சிலிண்டர்கள் இறக்கப்பட்டே இருக்கட்டும்.

திருப்பூர்_ஆவியாக்கி எழுதியது:

தலைப்பிலிருந்து சற்றே விலகினாலும் இயக்க அமைப்பு சார்ந்ததுதான் என்பதால் எழுதுகிறேன். சாயக் கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரிக்க வேண்டிய எங்கள் பகுதியில், நீராவியையே அமுக்கி மீண்டும் பயன்படுத்தும் ஆவியாக்கிகளோடு நான் வேலை செய்கிறேன். அதுவும் ஒருவகை ஹீட் பம்புதான். குளிர்பதனப் பொருளுக்குப் பதிலாக நீராவியே. பார்க்கப்போனால் தொழிற்சாலை ஹீட் பம்பின் வரலாறு தொடங்குவதே இங்கிருந்துதான்: 1850களில் ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் உப்புநீரைக் காய்ச்ச நீராவியை அமுக்கிப் பார்த்தபோது, அமுக்கியை ஓட்டியது நீர்விசை.

எங்கள் இயந்திரங்களில் பிஸ்டன் இல்லை, மையவிலக்கு விசிறிதான். ஆகையால் முறுக்குத் துடிப்பு பெரிய சிக்கலில்லை, தொடக்கமே சிக்கல். விசிறிச் சக்கரத்தின் நிலைமம் 60 கிலோகிராம் சதுர மீட்டர், வேகம் 3,000 சுற்று என்றால், சேமிக்கப்படும் சுழல் ஆற்றல் ஏறக்குறைய 30 லட்சம் ஜூல். நேரடியாக மின்னிணைப்புக் கொடுத்துத் தொடங்கினால் குறைந்தது அதே அளவு வெப்பம் மோட்டாரின் சுழலிக்குள்ளும் பிறக்கும். தொடர்ந்து இரண்டு முறை தொடங்கினால் சுழலியின் கம்பிக்கூண்டு தாங்காது. வி.எஃப்.டி. கொண்டு மெதுவாக ஏற்றினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி பிறப்பதே இல்லை.

இன்னொரு நுட்பம்: 100 டிகிரி நீராவியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோதான், காற்றுடையது 1.16 கிலோ. கலத்தில் காற்று நிறைந்திருக்கும்போது முழு வேகத்தில் ஓட்டினால் மோட்டாரின் மேல் இருமடங்குச் சுமை ஏறும். முதலில் நீராவி விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே வேகத்தை ஏற்ற வேண்டும் என்பதை எங்கள் ஆபரேட்டர்கள் மந்திரம்போல மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

அம்மோனியா_சீல் எழுதியது:

அளவு பெரிதாகும்போது இந்தச் சிக்கல்களை மற்றவர்கள் எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதும் நல்லது. நார்வேயின் டிராமன் நகரில் கடல்நீரிலிருந்து வெப்பமெடுத்து 90 டிகிரி வெந்நீர் தரும் அம்மோனியா ஹீட் பம்ப் இயங்குகிறது. அங்கே ஒற்றை ஸ்க்ரூ வகைக் கம்ப்ரசர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முதன்மை ரோட்டர், அதன் இரு பக்கமும் பல்சக்கரம் போன்ற இரண்டு கேட் ரோட்டர்கள். அமுக்கம் இரு பக்கமும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் முதன்மைத் தண்டின் மேல் வரும் பக்கவாட்டு விசைகள் தம்முள் ஈடாகிவிடுகின்றன. அழுத்தம் 50 பாரைத் தொடும்போதும் பேரிங் தப்பிப்பது அதனால்தான்.

டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் 2021 இல் அறிவிக்கப்பட்ட கரியமில வாயு ஹீட் பம்ப் நேர் எதிரான வழியில் போகிறது. அதிவேக மோட்டாரையும் மையவிலக்கு அமுக்கியையும் ஒரே மூடிய உடலுக்குள் வைத்துக் காந்த பேரிங்குகளில் மிதக்க விட்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் இல்லை, கப்ளிங் இல்லை, ஷாஃப்ட் சீல் இல்லை, எண்ணெயும் இல்லை. இந்த இழையில் நாம் பேசிய அத்தனை உறுப்புகளும் அங்கே ஒரேயடியாக நீங்கிவிட்டன. ஆனால் அது பல்லாயிரம் கிலோவாட் உலகம். நம்முடைய 150 கிலோவாட்டுக்கு, உள்ளூரிலேயே உதிரி கிடைக்கும் மோட்டாரும் கப்ளிங்கும் கொண்ட திறந்தவகைதான் இன்றைக்கும் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

பால்_பராமரிப்பு எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து முடிவுக்கு வந்துவிட்டோம்: 200 கிலோவாட் நான்கு துருவ மோட்டார், தனிக் குளிர்விசிறி, ஃப்ளைவீல், ஸ்பேசருடன் கூடிய நெகிழ் ரப்பர் கப்ளிங், 1,000 முதல் 1,480 சுற்று. ஃப்ளைவீலின் எடைக்குக் கம்ப்ரசர் தயாரிப்பாளர் எழுத்தில் ஒப்புதல் தந்துவிட்டார். அலைன்மென்ட்டைக் குளிர்ந்த நிலையில் சுழியத்துக்குக் கொண்டுவரலாமா?

சுழல்தண்டு எழுதியது:

கூடாது. கம்ப்ரசரின் தண்டு அடித்தளத்திலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து, அதன் உடல் 60 டிகிரி சூடேறினால், வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11 மைக்ரான் விரியும் என்ற கணக்கில் தண்டு 0.26 மில்லிமீட்டர் மேலே எழும். 315 மில்லிமீட்டர் தண்டுயரம் கொண்ட மோட்டார் 35 டிகிரி சூடேறினால் 0.12 மில்லிமீட்டர். வேறுபாடு 0.14 மில்லிமீட்டர். குளிர்ந்த நிலையில் மோட்டாரை அந்த அளவுக்கு உயர்த்தி வையுங்கள். இயங்கும் வெப்பத்தில் இரண்டும் நேர்கோட்டுக்கு வரும். ரப்பர் கப்ளிங் இந்தப் பிழையைத் தாங்கிக்கொள்ளும் என்று விற்பனையாளர் சொல்வார். கப்ளிங் தாங்கும், சீலும் பேரிங்கும் தாங்க வேண்டுமே.

நான் சொன்ன 60 டிகிரி ஒரு மதிப்பீடுதான். முதல் நாள் முழுச் சுமையில் நான்கு மணி நேரம் ஓடியபின் உடலின் வெப்பநிலையைப் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தியவுடன், சூடு ஆறுவதற்குள், லேசர் கருவியால் ஒருமுறை பாருங்கள். அந்த அளவு வந்ததும் இங்கே எழுதுங்கள். அதைக் கொண்டு மோட்டாரின் காலடியில் வைக்கும் ஷிம் தகடுகளின் இறுதித் தடிமனைக் கணக்கிட்டுத் தருகிறேன்.